பஜேரோவை இரும்புக் கடைக்கு அனுப்பாதீங்க, முதல்ல இஞ்சின் மேல்மூடியைத் திறங்க

அண்ணே, உங்க 1996 மிட்சுபிஷி பஜேரோ 2.5 டீசல், காராக் நெடுஞ்சாலை ஏற்றத்துல திடீர்னு நின்னுடுச்சு, ஸ்டார்ட்டர் மட்டும் லேசா சுத்துது, பட்டறைக்காரர் "இஞ்சின் முடிஞ்சுது, ஹாஃப் கட் போடுங்க, இல்ல இரும்புக்குத் தள்ளுங்க"ன்றார்னு எழுதியிருக்கீங்க. ஹாஃப் கட்னா வெளிநாட்டுல ஓடின காடியை வெட்டி, இஞ்சினோட இறக்குமதி பண்ற முன்பாதி. ரெண்டுக்கும் இப்போ தலையாட்டாதீங்க. சாவியையும் இனிமே திருப்பாதீங்க.

சூடு ஏறல, புகையும் இல்லன்னா டைமிங் பெல்ட் மேலதான் என் சந்தேகம். பிஸ்டன் ஓட்டத்துக்கு ஏத்த நேரத்துல வால்வைத் திறந்து மூட வைக்கற பட்டை அது, அறுந்தா இஞ்சின் நின்னுடும். உங்க 4டி56 இஞ்சின்ல அதிர்வைக் குறைக்கற பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்குன்னு பக்கத்துலயே ஒரு சின்ன பெல்ட் ஓடும். அது பிஞ்சு டைமிங் பெல்ட்டுக்குள்ள சிக்கினாலும் இதே கதிதான். டைமிங் பெல்ட் போனா பிஸ்டன் வால்வை இடிக்கும். ஆனா இந்த இஞ்சின்ல பெரும்பாலும் முதல்ல ஒடியறது வால்வை அழுத்தற ராக்கர் ஆர்ம். மேல்மூடியைக் கழட்டினா ரெண்டா முறிஞ்சு கிடக்கறது கண்ணுக்கே தெரியும். அதை மாத்தி, ரெண்டு பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனரும் புதுசா போட்டு, சிலிண்டருக்குள்ள அழுத்தம் (கம்ப்ரஷன்) எவ்வளவுன்னு பாருங்க. நாலு சிலிண்டரும் ஒத்து வந்தா காடி பிழைச்சுக்கும்.

சிலிண்டர் ஹெட், அதாவது வால்வுங்க இருக்கற மேல்பாகம், விரிசல் விட்டிருந்தா கணக்கு வேற. அப்போ சேசியை, அதாவது காடியைத் தாங்கற அடிச்சட்டத்தைப் பாருங்க, குறிப்பா பின்சக்கரத்துக்கு மேல வளையற இடம். சுத்தியலால தட்டி ஓட்டை விழுந்தா ஒரு வெள்ளிகூட போடாதீங்க, வித்துடுங்க. உறுதியா இருந்தா ஹாஃப் கட் போடலாம். இஞ்சின் ரசீதும் சுங்கப் பத்திரமும் கைக்கு வராம காசு கொடுக்காதீங்க. புஸ்பாகோம் மாதிரி வாகனப் பரிசோதனை நிலையத்துல சோதனை முடிஞ்சு, ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) புது இஞ்சின் நம்பர் கிரான்ல, அதாவது காடியோட உரிமைப் பத்திரத்துல ஏறணும்.

அப்பா வாங்கின காடின்னு சொன்னீங்க, அதான் இவ்வளவு எழுதறேன். மூடியைத் திறந்ததும் படம் போடுங்க.