டிரெய்லரில் அடிக்கடி மின்சாரம் நிற்பதும் மணல் தொல்லையும்

வணக்கம். இரண்டு குழந்தைகளோடு அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்து அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரையில் கோடை முழுவதும் டிரெய்லரில் (காரில் இழுத்துச் செல்லும் வீட்டில்) தங்கியிருப்பதாகவும், மதியச் சமையலின்போது பிரேக்கர் (சுமை கூடினால் தானே அணையும் மின்சுவிட்ச்) விழுந்துவிடுவதாகவும், படுக்கையெல்லாம் மணல் என்றும் எழுதியிருந்தீர்கள். நாங்களும் அங்கே இரண்டு கோடைகள் இப்படித்தான் வாழ்ந்தோம்.

பெரும்பாலும் இது பழுதல்ல, வெறும் கணக்கு. 30 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட்டுக்கு 3,600 வாட்தான் கிடைக்கும். ஏசி, மைக்ரோவேவ், மின்சார வெந்நீர்க் கலன் மூன்றும் தலா 1,500 வாட் அளவுக்கு இழுக்கும். வெந்நீரை கேஸுக்கு மாற்றிவிடுங்கள். பிறகும் விழுந்தால், முகாமில் டிரெய்லரை இணைக்கும் மின்பெட்டியில் பிரேக்கரை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எங்களுடையதில் ஒரு முள் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. அப்படி இருந்தால் அன்றே மாற்றுங்கள். குழந்தைகள் தூங்கும் டிரெய்லர் அது.

மணலுக்கு என் மனைவி கண்ட வழி மக்காச்சோள மாவு (கார்ன் ஸ்டார்ச்). ஈரக் காலில் தூவித் தேய்த்தால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், விரல் இடுக்கு மணல்கூடப் பொலபொலவென்று உதிரும். வாசற்படியிலேயே ஒரு டப்பா வைத்துவிடுங்கள்.

உப்புக்காற்று இரும்பைத் தின்னும். இணைப்புக் கொக்கியையும் அடிப்பாகத்தையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஹட்டராஸிலிருந்து ஓக்ரகோக் தீவுக்குப் போகும் வாகனப் படகுக்குக் கட்டணம் இல்லை. டிரெய்லரை முகாமிலேயே விட்டுவிட்டுக் காரில் அவசியம் போய்வாருங்கள். ஜூன் முதல் தேதியே புயல் காலம் தொடங்கிவிடுகிறது. வெளியேறச் சொன்னால் அந்த நிமிடமே கிளம்புங்கள். 12ஆம் எண் நெடுஞ்சாலையைக் கடல் மூடிவிட்டால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வர முடியாது.