கைபேசியில் படித்துக் கம்பம் ஏறலாமா?

கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பொம்மிடி அருகில். தம்பி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. கல்யாண மண்டபங்களில் சீரியல் விளக்கு கட்டுவது, மோட்டார் காயில் கட்டும் கடையில் உதவிக்கு நிற்பது என்று நாள் ஓடுகிறது. இப்போது ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரே பிடியாக நிற்கிறான். எரிசக்தித் துறை வேலைக்கான இணையவழிப் பயிற்சியாம். 45 நாள், தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம், கட்டணம் 24,000 ரூபாய், தவணையிலும் கட்டலாம், முடித்தால் சான்றிதழ். சூரிய மின்சாரம், காற்றாலை, மின்விநியோகம் எல்லாம் அதிலேயே வந்துவிடுமாம். அப்பாவோ, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? கம்பம் ஏறுகிற வேலையைப் போனில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்கிறார். பணம் கட்டப்போவது நான். கட்டலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

பணத்தை இப்போது கட்டாதீர்கள். தவணை தொடங்கிவிட்டால் பிறகு எந்த விளக்கமும் பயன்படாது என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

ஆனால் இணையத்தில் படிக்க நினைக்கும் தம்பியைத் தடுக்கவும் வேண்டாம். ஏட்டுச் சுரைக்காய் என்று அப்பா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, தம்பி எந்த வேலைக்குப் போகப்போகிறான் என்பதைப் பொறுத்தது. அந்த விளம்பரத்தில் என்னைக் கோபப்படுத்துவதும் இதுதான். காற்றாலையையும் சூரியப் பலகையையும் மின்கம்பத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். மூன்றும் மூன்று வேறு தொழில்கள். ஆபத்தும் வேறு, கருவியும் வேறு, கைப்பழக்கமும் வேறு.

மின்துறையில் திரைக்கு முன்னால் அமர்ந்தே செய்யும் வேலைகள் உண்டு. அனல் மின் நிலையத்தின் கட்டுப்பாட்டறையில் இருப்பவர் கொதிகலனைக் கண்ணால் பார்ப்பதில்லை. திரையில் ஓடும் எண்களைப் பார்க்கிறார். அவரைத் திரையிலேயே பழக்கலாம். தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனம், அசல் கட்டுப்பாட்டறை போலவே அமைந்த சிமுலேட்டர்களை வைத்து இதைச் செய்கிறது. நிஜ நிலையத்தில் செய்யவே கூடாத தவறை அங்கே பத்து முறை செய்து பார்க்கலாம். சூரியப் பூங்காக்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பது, கூரையின் அளவை வைத்துப் பலகைகளின் வரைபடம் போடுவது போன்றவையும் இதே வகைதான். இவற்றுக்குக் கைபேசியும் கணினியும் நல்ல பள்ளிக்கூடங்கள்.

உங்கள் தம்பி படித்தது எலக்ட்ரீஷியன். அவன் போகப்போவது கூரைக்கும் கம்பத்துக்கும். அதைப் பற்றி நான் என் சித்தப்பாவிடம் கற்றதைத்தான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா அரூர் பக்கம் வயர்மேனாக இருந்தவர். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காற்றுமழையில் புளியமரக் கிளை முறிந்து கம்பியின் மேல் விழுந்துவிட்டது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. குடையோடு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கியாகிவிட்டது, கம்பியில் வேலை தொடங்கலாம் என்ற அனுமதியான லைன் கிளியரும் வாங்கியாகிவிட்டது, தெருவே இருட்டு. உடன் வந்தவர் கட்டிங் பிளேயரோடு ஏறத் தயாராக நின்றார். சித்தப்பா அவரை நிறுத்திவிட்டு, கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடை எடுத்தார். முதலில் அதன் ஒயரை மண்ணில் இறங்கும் கம்பியில் இறுக்கினார். அதன் பிறகுதான் மூங்கில் கழி நீளமிருந்த ராடைத் தூக்கிக் கொக்கியை மேலே மாட்டினார். மாட்டிய கணத்தில் பளீரென்று நீலமாக ஓர் ஒளி, பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். சற்றுத் தொலைவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டர் அப்படியே அடங்கியது. மாற்றுச் சுவிட்ச் வைக்காமல் யாரோ அதை வீட்டு வயரிங்கோடு நேரடியாக இணைத்திருந்தார்கள். அந்த மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாகத் திரும்பி, செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கம்பிக்கு வந்திருந்தது.

பிளேயர் பிடித்திருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று அவர் செய்தது இரண்டு. ஒயரை முதலில் மண்ணோடு இணைத்தது, கொக்கியை அதற்குப் பின் மாட்டியது. இந்த வரிசை மாறியிருந்தால், ஒயரைப் பிடித்த கை வழியாக மின்சாரம் பாய்ந்து உயிரே போயிருக்கும். ஏன் இந்த வரிசை என்பதைப் படம் போட்டு ஐந்து நிமிடத்தில் கைபேசியில் விளக்கிவிடலாம், அருமையாகவே விளக்கலாம். மழையில், பசியில், "சீக்கிரம் கரன்ட் கொடுங்கள்" என்று தெருவே கத்தும்போது அந்த வரிசை மாறாமல் கை தானாக இயங்க வேண்டும். அந்தக் கையைக் கைபேசி தர முடியாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, நூறு முறை செய்யவைத்து, நூற்றொன்றாவது முறை மறந்தால் அதட்ட வேண்டும்.

இன்று இந்த ஆபத்து கூடியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாடிகளில் பலகைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. தெருவில் கரன்ட் போனால் இந்த அமைப்பின் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் பேட்டரியையும் பழைய இன்வெர்ட்டரையும் தோன்றியபடி சேர்த்து இணைத்த வீட்டில் எது எங்கே திரும்பி வரும் என்று யார் சொல்வது? அந்த இணைப்பைச் செய்யப்போகிறவன் உங்கள் தம்பி. கீழே கம்பத்தில் நிற்கப்போகிறவர் இன்னொரு வீட்டுத் தம்பி.

சூரிய மின்சார வேலையையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இப்போது வரும் பெரிய பலகை ஒன்று ஏறத்தாழ 50 வோல்ட் தரும். 3 கிலோவாட் வீட்டுக்கு ஆறு பலகைகளை வரிசையாக இணைத்தால் 300 வோல்ட். வீட்டு மின்சாரத்தை மெயினில் நிறுத்தலாம். வெயிலை நிறுத்த முடியாது. பகல் முழுவதும் அந்த 300 வோல்ட் ஒயரில் காத்திருக்கும். அதுவும் ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம் (டி.சி.). நம் வீட்டு மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீள்வதால், எழுந்த தீப்பொறி அணைய வழி இருக்கிறது. நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது. மின்சாரம் ஓடும்போது, பலகைகளின் ஒயர்களை இணைக்கும் கனெக்டரைப் பிடுங்கினால், நெருப்பு நூல் போல நீண்டு நின்று எரியும்.

இந்தக் கனெக்டரைப் பொருத்துவது பார்க்கச் சின்ன வேலை. ஒயரின் தோலை உரித்து, உலோகக் கூட்டில் நுழைத்து, கிரிம்பிங் கருவியால் அழுத்தி, பிளாஸ்டிக் உறைக்குள் தள்ள வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்திருந்தால் அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்து, சித்திரை வெயிலில், அந்த இடம் சூடேறி உருகத் தொடங்கும். போதுமான அழுத்தம் எது என்பதை விரல்தான் அறியும். காணொளியில் அந்த 'டிக்' கேட்கும், விரலுக்கு எட்டாது.

45 நாள், தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் அறுபத்தேழரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் மூன்று தொழில்கள். ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய சூர்யமித்ரா பயிற்சி, சூரிய மின்சாரம் ஒன்றுக்கு மட்டுமே 600 மணி நேரம் எடுத்துக்கொண்டது. தங்கிப் படிக்க வேண்டியிருந்தது, கட்டணம் இல்லை. காற்றாலையின் கதை இன்னும் கண்டிப்பானது. பல நிறுவனங்கள் கேட்கும் சர்வதேச அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டே ஆண்டுகளுக்குத்தான் செல்லும். உயரத்தில் கயிற்றில் தொங்குவதையும் தொங்குகிறவரை இறக்குவதையும் திரும்பவும் செய்து காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். உடம்பு மறந்துவிடும் என்று தெரிந்தே வைத்த கெடு அது. அதைப் போய் மாலை வகுப்பில் எப்படிக் கற்றுத்தருவார்கள்?

அப்படியானால் கைபேசி எதற்கு? என் பதில், கற்பதன் முதல் பாதிக்கு, அதாவது புரிந்துகொள்வதற்கு. ஐ.டி.ஐ. பட்டறை ஒன்றில் ஒரு நாள் நின்று பார்த்தேன். இருபது பையன்கள் ஒரு பேனலைச் சுற்றி நிற்கிறார்கள். ஆசிரியர் நன்றாகத்தான் விளக்குகிறார். பின்வரிசைக்குத் தெரிவது முன்வரிசையின் தோள்கள் மட்டும். அந்தப் பின்வரிசைப் பையனுக்கு நல்ல தமிழில், நிறுத்தி நிறுத்தி, பத்து முறை திருப்பிப் பார்க்கும்படி ஒரு பாடம் கிடைத்தால் அது பெரிய கொடை. பிரேக்கரின் உள்ளே என்ன நடக்கிறது, மின்வரைபடத்தை எப்படிப் படிப்பது, மல்டிமீட்டரை எந்த அளவில் வைத்து எங்கே தொடக்கூடாது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு பட்டறைக்குள் போகிறவன், தெரியாமல் போகிறவனைவிட இரு மடங்கு கற்று வருவான். வெட்கப்படாமல் கேள்வி கேட்பான். இன்வெர்ட்டரின் சின்னத் திரையில் பழுது ஆங்கிலத்தில் வருகிறது. அந்த இருபது முப்பது சொற்களையும் வீட்டில் இருந்தே பழகிவிடலாம். இதற்குப் பெரும்பாலும் பணம் தேவையில்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். பொறியியல் மாணவர்களுக்கானவைதான், ஆனாலும் அடிப்படைப் பாடங்கள் சில தம்பிக்கு எட்டும். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்திலும் தேடச் சொல்லுங்கள்.

இரண்டாம் பாதியான கைப்பழக்கத்துக்கு அவன் செய்ய வேண்டியது அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டு சட்டம் இதற்கென்றே இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவனை நிறுவனம் சேர்த்துக்கொண்டு, வேலையோடு வேலையாகக் கற்றுக்கொடுத்து, மாத உதவித்தொகையும் தர வேண்டும். 24,000 கொடுத்துக் கற்பதற்கும் மாதாமாதம் வாங்கிக்கொண்டு கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நின்று உழைத்துச் சம்பாதிக்கிறவர். அரசு மின்நிறுவனங்களும் அப்ரண்டிஸ் எடுக்கின்றன, ஓசூர் தொழிற்சாலைகளும் எடுக்கின்றன. கூடவே, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழுக்கும் அவன் விண்ணப்பிக்கட்டும். அந்தத் தாளை எந்த ஒப்பந்தக்காரரும் மதிப்பார். பிற்காலத்தில் ஆர்வம் வளர்ந்தால், மின்சாரம் ஓடும்போதே கம்பியில் வேலை செய்யப் பழக்கும் பயிற்சி மையமே பெங்களூரில் இருக்கிறது. ஓசூருக்கு அது பக்கம்தான்.

இத்தனைக்குப் பிறகும் தம்பி அந்தப் பயிற்சிதான் வேண்டும் என்றால், அவர்களை நீங்களே தொலைபேசியில் அழையுங்கள். நேரடிப் பயிற்சி எத்தனை நாள், எந்த ஊரில்? சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு எது? போன முறை படித்தவர்களில் இப்போது வேலையில் இருக்கும் இருவரோடு பேசலாமா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். வேலையில் இருப்பவர்களைக் காட்ட முடிந்தவர்கள் மறைக்க மாட்டார்கள்.

சித்தப்பா ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. கடத்தூரில்தான் இருக்கிறார், பொம்மிடியிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். முழங்கால் வலி, வெளியே அதிகம் போவதில்லை. கம்பம் ஏறிய நாளில் இடுப்பில் கட்டிய கயிற்றை இன்னமும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியை வரச் சொன்னார். வரும்போது டெஸ்டரும் அவன் தினமும் பயன்படுத்தும் பிளேயரும் எடுத்து வர வேண்டுமாம். பிளேயரின் கைப்பிடி உறையை முதலில் பார்க்க வேண்டும் என்கிறார். முகவரியை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா