ஜெர்மனிக்கு வரும் தம்பிக்கு: தானியத்தைச் சுமக்காதீர்கள்

தம்பி, தொண்டியிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்கு வருவதாகவும், சர்க்கரை இருப்பதால் குதிரைவாலிச் சோறு, கேழ்வரகுக் களி, மீன்குழம்பு என்றே பழகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இதெல்லாம் இங்கே கிடைக்குமா, பெட்டியில் எதைக் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தானியத்துக்காகக் கிலோவை வீணாக்க வேண்டாம். பெட்டியில் வர வேண்டியது வேறு.

குதிரைவாலி எல்லா ஊரிலும் கிடைக்காது. பனிவரகு கிடைக்கும். டிஎம், ரோஸ்மன் கடைகளிலும் எடேகா, ரேவே சூப்பர் மார்க்கெட்டிலும் 'ஹிர்ஸே' அல்லது 'கோல்ட்ஹிர்ஸே' என்று மஞ்சளாக இருப்பது அதுதான். முதலில் வெந்நீர் ஊற்றி அலசி வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் லேசாகக் கசக்கும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். கொதி வந்ததும் மூடி, சிறுதீயில் பத்து நிமிடம், அணைத்தபின் இன்னொரு பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். நடுவில் கிளறினால் குழைந்துவிடும். அதன் பக்கத்திலேயே 'ப்ரௌன்ஹிர்ஸே' மாவு இருக்கும். நிறத்தைப் பார்த்துக் கேழ்வரகு என்று எடுத்துவிடாதீர்கள். உமியோடு அரைத்த மாவு அது. களி திரளாது, வாயில் நறநறக்கும்.

சிறுதானியம்தானே என்று அள்ளிப் போடுவதுதான் பலருக்குச் சர்க்கரை ஏறுவதற்குக் காரணம். 100 கிராம் பனிவரகில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசிக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. வேகவைக்குமுன் ஒரு வேளைக்கு 50 கிராம் என்று தராசில் நிறுத்துப் போடுங்கள். வந்த வாரமே வாங்க வேண்டிய பொருள் சமையலறைத் தராசு. சாப்பாடு மாறும்போது சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். மாத்திரை அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

கேழ்வரகுக்கு இலங்கைத் தமிழர் கடைக்குப் போங்கள். 'குரக்கன் மா' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். டோர்ட்முண்ட், எஸ்ஸன், காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஹம் பக்கம் இந்தக் கடைகளுக்குக் குறைவில்லை. உளுந்து, நல்லெண்ணெய், உறையவைத்த முருங்கைக்கீரை எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். சூப்பர் மார்க்கெட்டில் கறுத்த நிறத்தில் இருக்கும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. அதில் தாளித்தால் குழம்பு முழுக்க அந்த வாசம்தான் அடிக்கும். சீரகம் வேண்டுமானால் 'க்ரொய்ட்ஸ்கியூமல்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் 'கியூமல்' ரொட்டியில் போடுகிற வேறு விதை, ரசத்துக்கு ஆகாது. பச்சைக் கீரைக்குத் துருக்கிக் கடைதான் நல்லது. கோடையில் 'செமிஸொட்டு' என்று கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள், நம்ம பருப்புக்கீரையேதான்.

மீனுக்கு வருகிறேன். கானாங்கெளுத்தி ருசிக்கு மிக அருகில் வருவது இங்கே 'மக்ரேலே'. ரஷ்யக் கடையிலும் துருக்கிக் கடையிலும் முழு மீனாக உறையவைத்து விற்பார்கள். நம் கடல் மீனைவிட இதில் கொழுப்பு அதிகம். அதனால் குழம்புக்கு எண்ணெயைப் பாதியாக்குங்கள், தேங்காய்ப்பாலே தேவைப்படாது. முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். தண்ணீரில் போட்டு அவசரமாக உருக்கினால் சதை கொழகொழத்து உடையும். புளிக்கரைசல் நன்றாகக் கொதித்து வற்றியபின் கடைசியில் துண்டுகளைப் போட்டு ஏழெட்டு நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து அசைத்தால் போதும். பொன்னிறத் தோலோடு விற்கும் புகைபோட்ட மக்ரேலேயில் உப்பு தூக்கல். இரத்த அழுத்தமும் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது பெட்டி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, நெய், பால்கோவா கொண்டுவரக் கூடாது. பிடித்தால் குப்பைக்குத்தான் போகும். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கு அது வேண்டாம். மீனுக்குத்தான் தாராளம்: சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரை, கருவாடும் அதில் அடக்கம். நெத்திலிக் கருவாட்டை மறுபடி வெயிலில் நன்றாகக் காயவைத்து, காற்றுப்புகாத உறையில் போட்டு, அதன்மேல் இன்னொரு உறை போடுங்கள். ஈரம் இருந்தால் வந்து சேருமுன் பூசணம் பிடித்துவிடும். அதில் உப்பு ஏறியிருப்பதால் வாரம் ஒருமுறை, வெந்நீரில் ஊறவைத்துக் கழுவியபின் சமையுங்கள்.

கருப்பட்டியை விட்டுவிடுங்கள், உங்கள் உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான். அந்த இடத்தில் முண்டு மிளகாய் வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாயை இங்கே கடையில் தேடுவது வீண் அலைச்சல். பொடியாக அரைத்துக் கொண்டுவந்தால் நாளாக நிறமும் மணமும் இறங்கிவிடும். காம்போடு முழுசாகக் கொண்டுவந்து, தேவைக்கு ஒரு கைப்பிடி வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள்.