மகன் ரெஸ்லர் ஆகப்போகிறேன் என்கிறான்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

ப்ளஸ் ஒன் படிக்கும் உங்கள் மூத்த மகன், டிவியில் ரெஸ்லிங் காட்டும் அமெரிக்க நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-யின் வீரராகப் போவதாகச் சொன்னதும் அவன் அப்பா கோபத்தில் கேபிள் கனெக்‌ஷனையே நிறுத்திவிட்டார் என்றும், இப்போது அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் கேபிளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். டிவியில் இல்லாவிட்டால் போனில் பார்ப்பான், உங்களுக்குத் தெரியாமல் பார்ப்பான். 16 வயதுப் பையனின் ஆசையை ஏளனம் செய்தால் ஆசை போகாது, பேச்சுதான் நின்றுபோகும். அவனோடு நிறையப் பேச வேண்டிய நேரம் இது.

"பொய்ச் சண்டைதானே, இதை நம்பி எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும், உண்மைதான். ஆனால் விழுவது பொய்யில்லை. அந்த மேடை 20 அடிக்கு 20 அடி. அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அவ்வளவுதான். பயிற்சிப் பள்ளியில் அடிப்பதைவிட விழுவதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். அதற்கு 'பம்ப்' என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, இரண்டு கைகளையும் விரித்துத் தரையில் அறைந்து விழ வேண்டும். தாடை கொஞ்சம் தூக்கினால் பின்மண்டை பலகையில் அடிக்கும். பயந்து கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். கயிற்றில் ஓடி மோதிப் பழகும் நாட்களில் அக்குளுக்குக் கீழே கன்றிப்போய், சட்டை போடவே வலிக்கும்.

மெத்தையில் தம்பியைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். இதில் சமரசமே கிடையாது. டிவியில் தூக்கிப் போடுகிறவர் பாதி வேலை செய்கிறார், விழுகிறவர் மீதிப் பாதியைச் செய்கிறார். உங்கள் சின்னவனுக்கு விழத் தெரியாது. கழுத்து விஷயம் இது.

உங்கள் கணவர் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவராக இருந்தால் ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டு விளையாடியிருப்பார். உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ், ரேங்க் எல்லாம் அச்சடித்திருக்கும். இன்று உங்கள் மகன் போனில் படிக்கும் வீரர்களின் விவரங்களும் ஏறக்குறைய அதேதான், கூடவே எத்தனை தடவை சாம்பியன் என்ற கணக்கு. எத்தனை வயதில் பயிற்சிக்குப் போனார், என்ன படித்தார், எத்தனை தடவை வேலையை விட்டு அனுப்பினார்கள், எந்த எலும்புக்கு ஆபரேஷன் நடந்தது என்பதையெல்லாம் யாரும் அந்த அட்டையில் போடுவதில்லை. ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கப் பார்க்க வேண்டியவை அவைதான். சில சாம்பியன்களின் வாழ்க்கையை அந்தக் கோணத்தில் சொல்கிறேன். அவன் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மூன்று பேருமாகப் படியுங்கள்.

ட்ரூ மெக்கின்டயரை உங்கள் மகனுக்கு நன்றாகத் தெரியும். ஸ்காட்லாந்துக்காரர். 15 வயதில் ரெஸ்லிங் பழகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னார், உங்கள் மகனைவிட ஒரு வயது குறைவு. பெற்றோர் தடுக்கவில்லை, நிபந்தனை போட்டார்கள்: படிப்பை விடக்கூடாது. கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படித்துக்கொண்டே சின்னச் சின்ன அரங்குகளில் சண்டை போட்டார். 2007-ல், 22 வயதில், டபிள்யூடபிள்யூஇ அவரை எடுத்துக்கொண்டது. 2009-ல் நிறுவனத்தின் முதலாளியே மேடையில் வந்து, இவர்தான் வருங்காலச் சாம்பியன் என்று அறிமுகம் செய்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் சில வருடங்களில் அவரை 'த்ரீ மேன் பேண்ட்' என்ற மூவர் குழுவில் போட்டு, பெரும்பாலும் தோற்கும் ஆளாக ஆக்கிவிட்டார்கள். 2014 ஜூனில் வேலையும் போனது.

அதே குழுவில் இருந்த இன்னொருவர் ஜிந்தர் மஹால். கனடாவின் கால்கரியில் பிறந்த பஞ்சாபி. கால்கரி பல்கலைக்கழகப் பட்டதாரி. அவரையும் அதே நாளில் அனுப்பினார்கள்.

இருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்பதைத்தான் உங்கள் மகன் கவனித்துப் படிக்க வேண்டும். மஹால் 2016-ல் திரும்பச் சேர்க்கப்பட்டு, உடம்பை முற்றிலும் மாற்றிக்கொண்டு, 2017 மே மாதம் ராண்டி ஆர்ட்டனைத் தோற்கடித்து டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் ஆனார். 170 நாள் சாம்பியன் பெல்ட் அவரிடம் இருந்தது. மெக்கின்டயர் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி, ஊர் ஊராகச் சிறு நிறுவனங்களில் ஆடி, மறுபடி அடியிலிருந்து ஏறி வந்தார். 2020 ஏப்ரலில், டபிள்யூடபிள்யூஇ-யின் மிகப் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், பிராக் லெஸ்னரைத் தோற்கடித்துச் சாம்பியன் ஆனார். கொரோனா காலம். ஒரு ரசிகர்கூட இல்லாத பயிற்சிக் கூடத்தில், கேமராவைப் பார்த்துத்தான் அவர் பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார். பயிற்சி தொடங்கி 19 வருடம் ஆகியிருந்தது.

மஹாலின் கதை அங்கேயே முடியவில்லை. 2024 ஏப்ரலில் அவரை மறுபடியும் விடுவித்தார்கள். சிறுவயதில் ஈட்டி எறிந்து, பிறகு அமெரிக்காவில் பேஸ்பால் ஆடி, 2018-ல் டபிள்யூடபிள்யூஇக்கு வந்த உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும், டிவியில் வீர் மஹான் என்று வந்தாரே அவர்தான், அதே சமயத்தில்தான் வெளியேறினார். முன்னாள் உலகச் சாம்பியனுக்கும் வேலை நிரந்தரமில்லை. சட்டப்படி இவர்கள் ஊழியர்களே இல்லை, தனி ஒப்பந்ததாரர்கள். நம்மூரில் கம்பெனி வேலை என்றால் எதிர்பார்க்கும் பி.எஃப்., மருத்துவக் காப்பீடு போன்றவற்றை அங்கே எதிர்பார்க்க முடியாது. அவன் அப்பா கவலைப்படுவது இதற்காக என்றால், அந்தக் கவலை நியாயமானது.

கிரேட் காளியைச் சொல்லாமல் இந்தியப் பையனுக்கு ஆலோசனை சொல்ல முடியாது. தலீப் சிங் ராணா, ஹிமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்து ஏழைக் குடும்பம். சிம்லாவில் காவலாளியாக நின்றவரை அவருடைய உருவத்துக்காகப் பஞ்சாப் போலீஸில் எடுத்தார்கள். அரசு வேலை ஒன்று கையில் வந்த பிறகுதான் அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்தார். 2006-ல் டபிள்யூடபிள்யூஇ, 2007 ஜூலையில் வேர்ல்ட் ஹெவிவெயிட் சாம்பியன். ஏழடியைத் தாண்டிய அந்த உயரத்துக்குக் காரணம் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கோளாறு. 2012-ல் அங்கிருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். காளியைப் பார்த்து உங்கள் மகன் தன் உயரத்தை நினைத்து ஏங்கினால் இதைச் சொல்லுங்கள்.

காளி கலிபோர்னியாவில் பயின்ற அந்தப் பள்ளியில் 2001-ல் ஒரு மாணவர் இறந்தார். முதலில் தலையில் அடிபட்டது. அது சரியாக ஆறுவதற்குள் மறுபடி பயிற்சிக்கு இறக்கினார்கள். இரண்டாவது அடியில் உயிர் போனது. பள்ளியின்மேல்தான் தவறு என்று நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க வைத்தது. எந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் பற்றியதாக இருக்க வேண்டாம். "பையனுக்குத் தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள், எத்தனை நாள் ஓய்வு, யார் பரிசோதிப்பார்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

காயங்களைப் பற்றி நீட்டி எழுதி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. ஸ்டீவ் ஆஸ்டின் 1997-ல் கழுத்தில் விழுந்த அடியோடு மேலும் சில வருடங்கள் ஆடி, 2003-ல் 38 வயதில் நிறுத்தினார். பிரெட் ஹார்ட் தலையில் பட்ட அடியால் 2000-ல் ஓய்வு பெற்றார். எட்ஜ் 2011-ல் கழுத்துக்காக விலகி, திரும்பி வர ஒன்பது வருடம் ஆனது. இவர்கள் எல்லாரும் உச்சத்தில் இருந்தவர்கள், நல்ல மருத்துவம் கிடைத்தவர்கள்.

இதைவிட உங்கள் வீட்டு வாசல்வரை வந்துவிடக்கூடிய ஆபத்து, தசையை ஏற்றும் ஸ்டீராய்டு மருந்து. முன்னாள் சாம்பியன் எடி கெரெரோ 2005 நவம்பரில் 38 வயதில் இதயச் செயலிழப்பால் இறந்த பிறகுதான் டபிள்யூடபிள்யூஇ கட்டாய மருந்துப் பரிசோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. உங்கள் ஊர் ஜிம்மில் அப்படிப் பரிசோதனை ஏதும் கிடையாது. பவுடர் என்று ஆரம்பித்து ஊசிக்குப் போகிற பையன்கள் உண்டு. குறுகிய காலத்தில் எடை ஏறுவது, முதுகெல்லாம் பரு, காரணமில்லாத கோபம், ஜிம் கட்டணத்துக்கு மேல் காசு கேட்பது, இவற்றைக் கவனியுங்கள். இந்த வயதில் ஸ்டீராய்டு ஏற்றினால் எலும்பு வளர்ச்சியே நின்று உயரம் தடைபடலாம். இதை அவனிடம் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள், அம்மா சொன்னால் எடுபடாது.

இனி என்ன செய்வது?

அவசரம் வேண்டாம் என்பதை முதலில் அவனுக்குப் புரிய வையுங்கள். இந்தத் தொழில் 18 வயதில் கதவை மூடுவதில்லை. பட்டிஸ்டா பயிற்சிக்குப் போனதே 30 வயதில். அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் பயிற்சியாளர்கள் அவரைத் தேறமாட்டார் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். 2005-ல் 36 வயதில் உலகச் சாம்பியன். ஏஜே ஸ்டைல்ஸ் டபிள்யூடபிள்யூஇ மேடையில் நிலையாக ஏறியது 38 வயதில். ஆகவே மூன்று, நான்கு வருடம் படிப்பது வீணாகாது.

படிப்பு இந்தத் தொழிலுக்கே உதவும் என்பதையும் சொல்லுங்கள். மிக் ஃபோலி நியூயார்க் மாநிலத்தின் கோர்ட்லேண்ட் கல்லூரியில் தகவல் தொடர்பு படித்தார். வார இறுதியில் பென்சில்வேனியாவுக்குக் கார் ஓட்டிப்போய்ப் பயிற்சி எடுத்து, காரிலேயே தூங்கினார். 1994-ல் மியூனிக்கில் தலை கயிற்றில் சிக்கி வலது காதின் பெரும்பகுதியை இழந்தார். 1999-ல் சாம்பியன் ஆனார், பிறகு தன் கதையைத் தானே எழுதிப் பெயர் வாங்கினார். முகமூடி போட்ட கேன் இருக்கிறாரே, கிளென் ஜேக்கப்ஸ், ஆங்கில இலக்கியப் பட்டதாரி. 2018-ல் டென்னசியின் நாக்ஸ் கவுண்டி மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மைக்கைப் பிடித்து அரங்கத்தைக் கட்டிப்போடத் தெரியாதவன் எவ்வளவு பலசாலியானாலும் அங்கே மேலே வரமாட்டான். பள்ளி நாடகம், பேச்சுப் போட்டி, ஆங்கில உரையாடல் இவற்றை அவன் ஒதுக்குகிறான் என்றால் கனவின் பாதியை ஒதுக்குகிறான் என்று அர்த்தம்.

உடம்புக்கு, அவனை நேராக உண்மையான மல்யுத்தத்தில் சேர்த்துவிடுங்கள். டபிள்யூடபிள்யூஇ சாம்பியன்கள் பலர் அப்படி வந்தவர்கள்தான்: கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தங்கம், பிராக் லெஸ்னர் 2000-ல் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன். நம் நாட்டிலும் ஹரியானாவின் கவிதா தேவி 2016 தெற்காசிய விளையாட்டில் பளுதூக்கித் தங்கம் வென்ற பிறகுதான், காளி ஜலந்தரில் நடத்தும் பள்ளியில் பழகி, 2017-ல் டபிள்யூடபிள்யூஇ மேடை ஏறினார். மல்யுத்தம், ஜூடோ, பளுதூக்குதல், உங்கள் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, போலீஸ், துணை ராணுவத்திலும் விளையாட்டு வழியாக எடுக்கிறார்கள். அதற்கெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சான்றிதழ் வேண்டும். டிவி ரெஸ்லிங் பள்ளியின் சான்றிதழை அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

பட்டப்படிப்பாக மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளைப் பாருங்கள். உயிரியல் பிரிவில் இருந்தால் பிசியோதெரபியும் நல்ல வழி. காயம் பட்ட உடம்பைப் புரிந்துகொள்கிற வீரன் நீண்ட நாள் நிற்பான், நிற்க முடியாவிட்டாலும் கையில் தொழில் இருக்கும். பட்டம் முடித்த பின் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோவும் இருக்கிறது. காட்சித் தொடர்பியல் மேல் அவனுக்கு ஆசை இருந்தால் அதையும் நான் தடுக்கமாட்டேன்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "டபிள்யூடபிள்யூஇ-யில் ஆள் இருக்கிறது, அமெரிக்கா அனுப்புகிறேன்" என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மேடை ஏறிச் சம்பாதிப்பது சட்டவிரோதம், வாழ்நாள் கனவே அதோடு போய்விடலாம்.

மெக்கின்டயரின் பெற்றோர் போட்ட அதே நிபந்தனையை நீங்களும் போடுங்கள், ஆனால் உங்கள் பங்கையும் சேர்த்து எழுதுங்கள்: அவன் ப்ளஸ் டூவையும் பட்டத்தையும் முடிப்பான், ஊசி பவுடர் பக்கம் போகமாட்டான், நீங்கள் மல்யுத்தப் பயிற்சிக்குச் செலவு செய்வீர்கள், அப்பா அவனுடைய முதல் மாவட்டப் போட்டிக்கு நேரில் வருவார். அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள். அவனுடைய உயரம், எடை, எடுத்திருக்கும் பாடப்பிரிவு, வீட்டிலிருந்து அருகில் உள்ள பயிற்சி மையத்தின் நேரம் ஆகியவற்றைத் தெரிவிக்கட்டும். கல்லூரிப் பட்டியலை அதை வைத்து நான் தயார் செய்து அனுப்புகிறேன்.