கடலூரில் நர்ஸாக இருப்பவர் மேயராக முடியுமா?

முடியும். அரசு மருத்துவமனை வேலை என்றால் மட்டும் ராஜினாமா செய்த பிறகே வேட்புமனு போட வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம், மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2021-ல் மாநகராட்சியான கடலூரில் 45 வார்டுகள். முதலில் ஏதாவது ஒரு வார்டில் கவுன்சிலராக ஜெயிக்க வேண்டும். கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்வு செய்வார்கள். 2022-லும் அப்படித்தான் நடந்தது. பதவி யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ அனுபவம் உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உதவும், ஆனால் மருத்துவமனை வார்டுக்குள் செய்த வேலை மாதிரி இருக்காது. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை மேயரின் கட்டுப்பாட்டில் வராது. மாநகராட்சியின் கையில் இருப்பது குடிநீர், சாக்கடை, குப்பை, கொசு ஒழிப்பு. கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் ஊர் இது. 2015 வெள்ளம் போல தண்ணீர் தேங்கினால் வயிற்றுப்போக்கும் டெங்குவும் பின்னாலேயே வரும். காய்ச்சல் வார்டில் வேலை பார்த்தவருக்கு, குழாய்த் தண்ணீரில் குளோரின் குறைந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாநகராட்சி கமிஷனரிடம் சரியான கேள்வியை அவர் முதல் நாளே கேட்பார்.

முன்னுதாரணமும் உண்டு. மருத்துவரான பி.வி. செரியன் சென்னை மேயராக இருந்தவர். பிறகு 1964-ல் மகாராஷ்டிர ஆளுநரானார். அவருடைய மனைவி தாரா செரியன்தான் சென்னையின் முதல் பெண் மேயர்.