கால்நடை கேள்வி பதில்: தாடை எலும்பில் ஒரு கட்டி

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு ஆறு பல் போட்டது, நான்கு மாதச் சினை. இடது கீழ்த்தாடையில் எலுமிச்சை அளவில் தெரிந்த கட்டி மூன்று மாதத்தில் தேங்காய் மூடி அளவுக்கு வளர்ந்துவிட்டது. தொட்டால் கல்லைப் போல இருக்கிறது, வலிப்பதாகத் தெரியவில்லை. சூடு போட்டால் வற்றிவிடும் என்கிறார்கள். கீறிவிடலாமா? (வாசகர், தாராபுரம்)

பதில்: தயவுசெய்து சூடும் போட வேண்டாம், கீறவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஆக்டினோமைக்கோசிஸ் எனப்படும் தாடைக் கட்டி நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதில் வீங்குவது தோலோ சதையோ அல்ல, தாடை எலும்பே. சூட்டுக்கோல் தோலை எரிக்குமே தவிர எலும்புக்குள் இருக்கும் கிருமியைத் தொடாது. மாட்டுக்கு வீணாக இன்னொரு புண்தான் மிஞ்சும்.

இதை நீங்களே ஓரளவு உறுதி செய்துகொள்ளலாம். கட்டியை இரு விரல்களால் பிடித்து அசைத்துப் பாருங்கள். தோலோடு சேர்ந்து நகர்ந்தால் அது சாதாரண சீழ்க்கட்டியாகவோ, முள் குத்திய வீக்கமாகவோ இருக்கலாம். இரண்டு தாடைகளுக்கும் நடுவே தொளதொளவென்று தொங்கி, அழுத்தினால் விரல் பதிந்த குழி சிறிது நேரம் அப்படியே நின்றால், அது குடற்புழுவாலோ ஈரல் தட்டைப்புழுவாலோ இரத்தம் குறைந்து நீர் கோத்த வீக்கம். கடைவாய்ப் பற்களுக்கு நேர் கீழே, எலும்போடு எலும்பாக ஒட்டி, எள்ளளவும் அசையாமல் இருப்பதுதான் நாம் பேசும் நோய்.

இதற்குக் காரணமான ஆக்டினோமைசிஸ் போவிஸ் என்ற பாக்டீரியா வெளியிலிருந்து வருவதில்லை. நலமாக இருக்கும் மாட்டின் வாயிலேயே குடியிருக்கிறது. காய்ந்து முற்றிய சோளத்தட்டையின் கூரிய நுனியோ, வேலி முள்ளோ, தீவனத்தில் கிடந்த கம்பித் துண்டோ ஈறைக் கிழிக்கும்போது, அல்லது பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் வயதில் ஈறு திறந்திருக்கும்போது, அது உள்ளே இறங்கி, காற்றுப் புகாத எலும்புக்குள் மெல்லப் பெருகுகிறது. எலும்பு ஒரு பக்கம் அரிபட, மறுபக்கம் தாறுமாறாகப் புது எலும்பு வளர, உள்ளே தேன்கூடு போலாகிவிடுகிறது. 1877-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் போலிங்கர் இந்நோயை விவரித்தபோது, தாவரவியலாளர் ஹார்ஸ் இதைப் பூஞ்சை என்று கருதி, ‘கதிர்ப் பூஞ்சை’ என்ற பொருளில் பெயரிட்டார். பெயர் நிலைத்துவிட்டாலும் இது பாக்டீரியாவே. ஆகவே பூஞ்சைக் கொல்லி மருந்துகளால் பயன் இல்லை.

கட்டி முற்றினால் தானாகவே உடைந்து, துளைகள் வழியே கெட்டியான மஞ்சள் சீழ் வடியும். அந்தச் சீழில் சிறிதை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினால், ரவையைப் போல நெருநெருக்கும் மஞ்சள் மணிகள் விரலில் தட்டுப்படும். கையுறை அணிந்து நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் நோயை உறுதி செய்ய உதவுவதும் அந்த மணிகளே. உங்கள் பசு இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சிகிச்சையில் நெடுங்காலமாகக் கைகொடுப்பது சோடியம் அயோடைடு. உடல் எடையில் கிலோவுக்கு 70 மில்லிகிராம் வீதம் இரத்தக் குழாயில் மிக மெதுவாக ஏற்றி, 7 முதல் 10 நாள் இடைவெளியில் மீண்டும் கொடுப்பது வழக்கம். குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால் இது மருத்துவர் கையால் மட்டுமே நடக்க வேண்டும். கண்ணில் நீர் வடிந்து, தோலில் பொடுகு போல உதிர்ந்து, தீனி குறைந்தால் அயோடின் மிகுந்துவிட்டது என்று பொருள், உடனே நிறுத்திவிடுவார்கள். இந்த மருந்தால் கருச்சிதைவு ஏற்படலாம் என்ற அச்சம் உண்டு. எனவே பசு சினையாக இருப்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்; அவர் பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகளை மட்டும் நீண்ட நாள் போடும் வழியைத் தேர்ந்தெடுக்கக்கூடும். இரண்டு ஊசியில் வீக்கம் குறையவில்லையே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். வளர்ந்த எலும்பு பழைய அளவுக்குத் திரும்பாது. கட்டி மேலும் வளராமல் நின்று, பசு வலியின்றி அசைபோட்டால் அதுவே வெற்றி. தாமதித்தால் பற்கள் ஆடத் தொடங்கி, தீனி மெல்ல முடியாமல் மாடு எலும்பும் தோலுமாகிவிடும்.

நேரில் கொண்டுபோக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். அதுவரை தட்டையை நறுக்கி, நனைத்துக் கொடுங்கள்.

கேள்வி: இந்நோய் உள்ள மாட்டை மற்ற மாடுகளோடு கட்டலாமா? பாலைக் குடிக்கலாமா? (வாசகி, மணப்பாறை)

பதில்: மாட்டுக்கு மாடு நேரடியாகத் தொற்றுவது அரிது. ஆனால் கட்டி உடைந்திருந்தால், அந்தச் சீழ் தொட்டியிலும் புல்லிலும் படாதபடி தனியாகக் கட்டித் தீனி வையுங்கள். மனிதருக்கு இதே பெயரில் வரும் நோய்க்குப் பெரும்பாலும் நம் வாயிலேயே வாழும் வேறொரு வகைக் கிருமிதான் காரணம். மருந்து போடும் நாட்களிலும், அதன் பிறகு மருத்துவர் குறிப்பிடும் நாள்வரையிலும் பாலை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள்.