அக்காவுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

அன்புள்ள ஐயா,
எனக்கு நிரந்தர வேலை, சொந்த வீடு எல்லாம் உண்டு. தேவன் பார்த்துக்கொள்வார் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஆனாலும் போதும் என்ற நிம்மதி வரவில்லை. இப்போது ஒரு மனைக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். அதனால், கணவரை இழந்த என் அக்கா பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கேட்டபோது உதவ முடியவில்லை. சேமிப்பது அவிசுவாசமா? கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பி வரும் என்று ஒரு போதகர் சொல்கிறாரே, உண்மையா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாக யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

பத்து மடங்கு கணக்கை விடுங்கள், அது தேவனிடம் வட்டிக்கு விடுகிற வேலை. சேமிப்பும் அவிசுவாசம் இல்லை. யோசேப்பு ஏழு வருஷம் எகிப்தின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்ததால்தான் பஞ்சத்தில் ஜனங்கள் பிழைத்தார்கள்.

நான் படிக்கிற அந்த அதிகாரத்தில், வனாந்தரத்தில் இருந்த இஸ்ரவேலருக்குத் தேவன் வானத்திலிருந்து கொடுத்த உணவுதான் மன்னா. அதைச் சிலர் மறுநாளுக்கு எடுத்து வைத்தார்கள், அது புழுத்து நாறியது. இதை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். ஆறாம் நாளில் ஓய்வுநாளுக்கென்று வைத்த அதே மன்னா நாறவில்லை என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது 18ஆம் வசனம். ஆளுக்கு ஒரு ஓமர் (அந்தக் காலத்து முகத்தல் அளவு) என்று அளந்தபோது, அதிகம் சேர்த்தவனுக்கு மீதி இல்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. பவுல் இதை எங்கே எடுத்துச் சொல்கிறார் தெரியுமா? 2 கொரிந்தியர் 8இல், எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையிடம் பணம் கேட்கும்போது. அதுவும், மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே கொடுத்ததைச் சொல்லிவிட்டு. உங்களிடம் மிஞ்சியிருப்பது அவர்களுடைய குறைவுக்கு உதவட்டும் என்கிறார். வனாந்தரத்தில் ஓமர் செய்த வேலையை இனி உங்கள் கை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒரு தடவை படியுங்கள். அக்காவுக்கு எத்தனை வரி கொடுத்திருக்கிறீர்கள்? உதவ முடியவில்லையா, மனம் வரவில்லையா? தேவன் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் ஜெபிக்கிற அதே ஜெபத்தைத்தானே அவரும் ஜெபித்திருப்பார். அதற்கான பதில் உங்கள் முன்பணத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

என் அப்பா இறந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். மாமா சம்பளம் வாங்கிய அன்றே வந்து, அம்மாவின் தையல் மிஷின் இழுப்பறையில் ஒரு கவரை வைத்துவிட்டு, எங்களோடு கொஞ்சம் பேசிவிட்டுப் போய்விடுவார். கையில் கொடுத்தால் அக்கா தலைகுனிய வேண்டிவருமே என்றுதான் அப்படி. அவருடைய சட்டைக் காலர் நைந்துபோனால் அம்மா அதைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதே மிஷினில் தைத்துக் கொடுப்பார். மாமாவுக்கும் வீடு கட்டுகிற ஆசை இருந்தது, வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டார். "நாளைக்கு வேண்டியதைத் தாரும்" என்று அம்மா ராத்திரியில் ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன். அதற்கு வந்த பதில், காலர் நைந்த சட்டை போட்டிருந்தது.

உங்கள் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை, தம்பி. இருப்பதும் போய்விடுமோ என்ற நினைப்பு தூக்கத்தையே கெடுத்துவிடும். ஆனால் சொந்த வீடு வந்தும் போகாத பயம் மனை வாங்கினால் போய்விடுமா?

இந்த வாரமே அக்காவைப் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம், நேரில். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க முடிந்தால் கேளுங்கள், இல்லையென்றால் சேமிப்பிலிருந்து எடுங்கள். கடன் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், பிள்ளைகள் பார்க்கக் கொடுக்காதீர்கள். அப்புறம், அடுத்த கட்டணம் எப்போது கட்ட வேண்டும் என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரை இன்னொரு தடவை கேட்க வைக்காதீர்கள்.